துளசியில் மணம் தேர்ந்து புதுச்செடி உருவாக்குவது எப்படி: மொட்டை மாடிக்கான முழுமையான வழிகாட்டி

பள்ளிகொண்டா பெருமாள் கோயில் வாசலில் துளசி மாலை கட்டி விற்கும் ஒரு பாட்டியம்மா, சில வருஷங்களுக்கு முன்னால் என் கையில் இரண்டு கொத்தைக் கொடுத்து, "ரெண்டும் துளசிதான் தம்பி, கிள்ளி மோந்து பாரு" என்றார். முதல் கொத்தில் நல்ல கிராம்பு மணம். பல் டாக்டர் அறைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. இரண்டாவதில் கிராம்பு எங்கோ பின்னால் நின்றது. மிளகும் காய்ந்த கட்டையும் கலந்த ஒரு மணம் முன்னால் வந்தது. ஒன்று பாலாற்றங்கரைத் தோட்டத்துச் செடி, மற்றது மேட்டு நிலத்துச் செடி. "எல்லாம் மண்ணு வாகுதான்" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டிலும் போத்து (நட்டால் வேர் விடும் கிளை நுனி) வாங்கி வந்து, காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரே செம்மண்ணில், ஒரே அளவுத் தொட்டியில், பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆறு மாதம் கழித்தும் கிராம்பு கிராம்பாகவே இருந்தது, மிளகு மிளகாகவே இருந்தது. மண் மாறியும் மணம் மாறவில்லை என்றால் அது செடியின் பிறப்பிலேயே இருக்கிறது. பிறப்பில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம், கலக்கலாம், நிலைப்படுத்தலாம். அதை வீட்டிலேயே செய்யும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கஞ்சாவைப் பற்றி ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது

மணத்துக்காகச் செடி வளர்ப்பது பற்றி இன்று உலகத்தில் மிக அதிகமாகப் பேசப்படுவது கஞ்சாச் செடியை வைத்துத்தான். அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில், எலுமிச்சை வாசனை வரும் வகை, பைன் மர வாசனை வரும் வகை என்று பிரித்து வளர்க்கிறார்கள். அந்த மணங்களைத் தரும் பொருட்களின் பெயரைப் பார்த்தால் மிர்சீன், லிமோனீன், பைனீன், லினலூல், பீட்டா கேரியோஃபிலீன். செடிகளின் வாசனை எண்ணெயில் இருக்கும் இந்த வகைப் பொருட்களை டெர்ப்பீன்கள் என்பார்கள். இதில் ஒன்றுகூட கஞ்சாவுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. லிமோனீன் நம் எலுமிச்சைத் தோலில் இருக்கிறது, கேரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும் துளசியிலும் இருக்கிறது. அந்தச் செடியின் குப்பென்ற 'ஸ்கங்க்' வாடைக்குக் காரணம் டெர்ப்பீன் இல்லை, மிக நுண்ணிய அளவில் இருக்கும் ஒரு கந்தகச் சேர்மம் என்று 2021-ல் கண்டுபிடித்தார்கள். வெயிலில் கெட்டுப்போன பீரில் வரும் வாடையும் அதே சேர்மத்தால்தான்.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றம். 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஒரு தொட்டியில் ஆசைக்காக வைத்தாலும் குற்றம் குற்றம்தான். அதனால் அந்தச் செடியை விட்டுவிடுவோம். அதை வைத்துக் கற்றுக்கொண்ட அறிவு மட்டும் நமக்குப் போதும். நம் வாசலில் மாடம் கட்டிக் கும்பிடும் செடியிலேயே அந்த வேதியியல் முழுவதும் இருக்கிறது.

துளசிக்கு இன்னொரு வசதியும் உண்டு. நம் பக்கத்து மணம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஜவ்வாது மலைச் சந்தனம். ஆனால் சந்தனத்தில் ஒரு மரம் வைரம் பாய்ந்து மணக்க எத்தனையோ வருஷம் காத்திருக்க வேண்டும். துளசி மூன்று நான்கு மாதத்தில் பூத்து விதை தந்துவிடும். வேலூர் வெயிலில் வருஷத்துக்கு இரண்டு தலைமுறை தாராளமாக எடுக்கலாம்.

மணம் இலையில் எங்கே இருக்கிறது

ஒரு துளசி இலையைக் கையில் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நகைக்கடைகளில் கல் பார்க்கும் லென்ஸ் போதும். இலை முழுவதும் சின்னச் சின்னப் பளபளப்பான புள்ளிகள் தெரியும், பனித்துளி ஒட்டின மாதிரி. அவைதான் எண்ணெய்ச் சுரப்பிகள். ஒவ்வொன்றும் நான்கு செல்கள் சேர்ந்த ஒரு சின்னத் தலை, அதன் மேல் மெல்லிய தோல். அந்தத் தோலுக்கும் செல்லுக்கும் நடுவில் எண்ணெய் தேங்கி நிற்கும். ஊசி நுனியால் ஒன்றைத் தொட்டு உடைத்தால் லென்ஸில் பார்க்கும்போதே அது வற்றுவது தெரியும், அந்தக் கணமே மூக்கில் மணம் ஏறும். நீங்கள் இலையைக் கசக்கும்போது நடப்பதும் இதுதான், ஆயிரக்கணக்கில். கஞ்சாவில் இதே வேலையைப் பெண் பூவைச் சுற்றியுள்ள காம்பு வைத்த சுரப்பிகள் செய்கின்றன.

இந்தச் சுரப்பிகள் இலை பிஞ்சாக இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. இலை விரிய விரிய அவற்றுக்கிடையே இடைவெளி கூடிவிடும். அதனால் துளிரும் முற்றிய இலையும் ஒரே செடியிலேயே ஒரே அளவு மணக்காது. இதை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

உள்ளே மூன்று தனித்தனி அடுப்புகள் எரிகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். முதல் அடுப்பில் பத்து கார்பன் கொண்ட லேசான டெர்ப்பீன்கள் தயாராகின்றன: லினலூல், லிமோனீன், சினியோல் போன்றவை. இவை சட்டென்று பறந்துவிடும். இரண்டாவதில் பதினைந்து கார்பன் கொண்ட கனமானவை: கேரியோஃபிலீன், எலிமீன். இவை மெதுவாக வரும், நின்று மணக்கும். மூன்றாவது அடுப்பு வேறு வகை. ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, செடி தன் கட்டைப் பகுதிக்கு வைத்திருக்கும் மூலப்பொருளிலிருந்தே யூஜினாலைச் செய்கிறது. கிராம்பு மணம் யூஜினாலின் மணம். எந்தச் செடியில் எந்த அடுப்பு எவ்வளவு எரிகிறது என்பதுதான் அதன் மணம்.

படி 1: அஞ்சறைப்பெட்டியில் மூக்கைப் பழக்குவது

பலரும் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள். மணத்துக்குப் பெயர் சொல்லத் தெரியாமல் செடியைத் தேர்ந்தெடுக்க முடியாது. "நல்லா இருக்கு", "ஸ்ட்ராங்கா இருக்கு" என்று நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த மாதம் அந்த நோட்டு எதற்கும் உதவாது.

சமையலறையே நல்ல ஆய்வுக்கூடம். கிராம்பை இடித்து முகருங்கள், அது யூஜினால். தனியாவை லேசாக நசுக்கினால் வருவது லினலூல். மல்லி விதை எண்ணெயில் பெரும்பகுதி அதுதான். மிளகில் அந்தக் கட்டை மணத்தைத் தேடுங்கள், அது கேரியோஃபிலீன். பச்சைக் கற்பூரம் கற்பூரமேதான். ஏலக்காயில் மூக்குக்குள் குளிர்ச்சியாக ஏறும் பகுதி சினியோல். யூகலிப்டஸ் தைலத்தில் அது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். எலுமிச்சைப்புல் சிட்ரால். ஓமம் தைமால். சோம்பில் இருப்பது அனித்தோல். அதே அணுக்கள், ஒரே ஒரு இணைப்பு மட்டும் இடம் மாறினால் மெத்தில் சாவிகால். திருநீற்றுப்பச்சிலையின் சில வகைகளில் சோம்பு வாசனை அடிப்பது அதனால்தான்.

எட்டுச் சின்ன டப்பாவில் இவற்றைப் போட்டு, அடியில் பெயர் எழுதி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்து முகர்ந்து சொல்லிப் பழகுங்கள். தினம் ஐந்து நிமிஷம், இரண்டு வாரம். எட்டில் ஏழு தவறாமல் வந்த பிறகு செடிக்குப் போகலாம். என் அம்மா முதல் நாளே எட்டும் சொல்லிவிட்டார்கள். நாற்பது வருஷம் மசாலா வறுத்த மூக்கு அது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்தது.

படி 2: செடிகளைச் சேர்ப்பது

குறைந்தது பத்து இடத்துச் செடி வேண்டும். பழைய கோயில் நந்தவனம், அக்ரகாரத்து மாடம், வயல் வரப்பு, நேதாஜி மார்க்கெட் பூக்கடைக்கு வரும் கட்டு என்று எங்கெங்கோ இருந்து சேர்க்க வேண்டும். ஒரே நர்சரியில் பத்து நாற்று வாங்கினால் அநேகமாக ஒரே தாய்ச் செடியின் பிள்ளைகள்தான் கிடைக்கும். தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது. கேட்டு வாங்குங்கள். துளசி கேட்டால் நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்வதில்லை.

விதையாக வாங்குவதைவிடப் போத்தாக வாங்குவது நல்லது. விதை அம்மா அப்பா இருவரின் கலவை, போத்து அந்தச் செடியேதான். பூக்காத கிளை நுனியில் நான்கு விரல் நீளம் கிள்ளி, அடி இலைகளை எடுத்துவிட்டு, தண்ணீர் டம்ளரில் நிழலில் வைத்தால் இரண்டு வாரத்தில் வேர் விடும். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஒருமுறை கருந்துளசி என்று அச்சடித்த விதைப் பொட்டலம் வாங்கிப் போட்டேன். முளைத்ததில் பாதி நாய்த்துளசி. இரண்டு மாத உழைப்பு வீணாகிவிட்டது, மனசு விட்டுப்போயிற்று. அதிலிருந்து இனத்தை உறுதி செய்யாமல் எதையும் தொட்டியில் வைப்பதில்லை. கருந்துளசியும் பச்சைத் துளசியும் ஒரே இனம், ஒன்றோடொன்று கலக்கும். திருநீற்றுப்பச்சிலை, நாய்த்துளசி, கற்பூரத் துளசி, பெருந்துளசி இவை வேறு வேறு இனங்கள். குரோமோசோம் எண்ணிக்கையே ஒத்துவராது. துளசியோடு இவற்றைக் கலக்கப் பார்த்தால் பெரும்பாலும் விதை பிடிக்காது, பிடித்தாலும் அந்தச் செடி மலடாகிவிடும். இனத்துக்குள்ளேயே கலப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரே மண், ஒரே வெயில்

எல்லாப் போத்தையும் ஒரே அளவுத் தொட்டியில், செம்மண்ணும் தொழு உரமும் மணலும் ஒரே கலவையில் வைத்து, இரண்டு மாதம் ஒன்றாக வளருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு தொட்டி இருந்தால் நல்லது. ஒன்று கிழக்கு ஓரம், ஒன்று மேற்கு ஓரம். இரண்டு ஓரத்திலும் ஒரே மணம் வந்தால் அது செடியின் குணம். ஓரத்துக்கு ஓரம் மாறினால் அது வெயிலின் வேலை.

கத்திரி வெயிலில், 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், மணத்தை மதிப்பிடவே வேண்டாம். லேசான டெர்ப்பீன்கள் மதியத்துக்குள் பறந்துவிடும், வாடின இலையில் கனமானவை மட்டும் நிற்கும். மழைக்கு மறுநாளும் வேண்டாம். மார்கழி, தை, மாசிக் காலைகள்தான் இதற்கு வாகானவை.

யூரியாவை அள்ளிப் போட்டால் இலை பெரிதாகும், ஆனால் மணம் நீர்த்துப் போகும். தண்ணீரும் அப்படித்தான், தொட்டி மண் மேலே காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

படி 4: முகர்வதும் எழுதுவதும்

நுனியிலிருந்து எண்ணி மூன்றாவது ஜோடி இலை. எப்போதும் அதுதான். காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில். ஒவ்வொரு செடியிலிருந்தும் ஐந்து இலை எடுத்து, ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளரில் போட்டு, தட்டு வைத்து மூடுங்கள். டம்ளருக்கு எண் கொடுப்பது வேறு ஒருவராக இருக்க வேண்டும். எது எந்தச் செடி என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், நேற்றுப் பிடித்த செடி இன்றும் பிடிக்கும். மூக்கு மனசின் பேச்சைக் கேட்டுக்கொண்டு போய்விடும்.

கரண்டியின் பின்பக்கத்தால் பத்து முறை நசுக்குங்கள். உடனே ஒருமுறை முகருங்கள், ஐந்து நிமிஷம் கழித்து ஒருமுறை, அரை மணி கழித்து ஒருமுறை. முதல் முகர்வில் லினலூல், சினியோல் போன்ற லேசானவை முந்திக்கொள்ளும். நடுவில் யூஜினால். அரை மணி கழித்து டம்ளரில் தங்கியிருப்பது பெரும்பாலும் கேரியோஃபிலீன் வகையறாவும் மிஞ்சிய யூஜினாலும். கொதிநிலையைப் பார்த்தால் காரணம் புரியும்: லிமோனீன் 176 டிகிரி, லினலூல் 198, யூஜினால் 254.

ஒவ்வொரு மணத்துக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கிராம்பு 4, மிளகு 2, தனியா 1 என்று எழுதுங்கள், வர்ணனை வேண்டாம். ஒரே உட்காரலில் ஐந்து டம்ளருக்கு மேல் போகாதீர்கள். யூஜினால் மரத்துப்போகச் செய்யும் பொருள், பல் மருத்துவத்தில் அதைப் பயன்படுத்துவதும் அதனால்தான். நடுநடுவே உங்கள் முழங்கை மடிப்பையே முகர்ந்தால் மூக்கு பழைய நிலைக்கு வரும். இதே சோதனையை மூன்று வெவ்வேறு நாள் செய்து, மூன்றிலும் ஒத்துவரும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

படி 5: மணம் பிள்ளைகளுக்கு எப்படிப் போகிறது

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த மணம் என்பது ஒன்று, எவ்வளவு மணம் என்பது வேறொன்று.

எந்த மணம் என்பது பெரும்பாலும் ஒரு சுவிட்ச் மாதிரி. ஒரு நொதி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. கஞ்சாவில் இதற்குத் தெளிவான உதாரணம் உண்டு. போதை தரும் டிஎச்சி, போதை தராத சிபிடி இரண்டும் ஒரே மூலப்பொருளிலிருந்து வருகின்றன. எந்த நொதி இருக்கிறதோ அந்தப் பக்கம் போகிறது. ஒரு வகையை மற்றொன்றோடு கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாச் செடியிலும் இரண்டும் இருக்கும். அவற்றின் பிள்ளைகளில் ஒரு பங்கு அந்தப் பக்கம், இரண்டு பங்கு நடுவில், ஒரு பங்கு இந்தப் பக்கம் என்று பிரியும். பள்ளிக்கூடத்தில் மெண்டலின் பட்டாணிச் செடிக் கணக்கில் படித்த அதே பிரிவுதான்.

துளசி இனங்களில் யூஜினாலின் மேல் ஒரு நொதி வேலை செய்து, சின்ன மெத்தில் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டால் அது மெத்தில் யூஜினால் ஆகிவிடும். திருநீற்றுப்பச்சிலையில் இந்தத் தொப்பி மாட்டும் நொதிகளை ஆராய்ந்தபோது, நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே அது எந்த மூலக்கூறுக்குத் தொப்பி மாட்டும் என்பது மாறிவிடுவதைக் கண்டார்கள். நாம் மூக்கில் உணரும் பெரிய வித்தியாசம், உள்ளே ஒரு எழுத்துப் பிழை அளவுதான்.

இன்னொன்று: டெர்ப்பீன் செய்யும் ஒரே நொதி சில நேரம் இரண்டு மூன்று டெர்ப்பீனைச் சேர்த்துச் செய்யும். அதனால் சில மணங்கள் ஜோடியாகவே பிள்ளைகளுக்குப் போகும். ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க முடியவில்லையே என்று வருத்தப்படாதீர்கள்.

எவ்வளவு மணம் என்பது சுவிட்ச் இல்லை. சுரப்பிகள் எத்தனை, அவை எவ்வளவு பெரியவை, இலை எவ்வளவு தடிமன் என்று பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பது. அது தலைமுறைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் காய் அப்படி நின்றதும் நல்ல காயாகப் பார்த்து விதைக்கு விட்ட விவசாயிகளின் கையால்தான். அதே பொறுமை இங்கும் வேண்டும்.

படி 6: கலப்பு

பச்சைத் துளசியைத் தாயாகவும் கருந்துளசியைத் தந்தையாகவும் வையுங்கள். காரணம் இருக்கிறது. பச்சைத் துளசி தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொண்டால் பிள்ளைகள் பச்சையாகத்தான் இருக்கும். நாற்றின் தண்டில் ஊதா தெரிந்தால் கருந்துளசியின் மகரந்தம் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். பணம் செலவில்லாத பரிசோதனை. பச்சையாக வந்த நாற்றுகளைத் தயங்காமல் பிடுங்கிவிடலாம்.

தேவையானவை: நுனி கூர்மையான இடுக்கி, கைலென்ஸ், பட்டர் பேப்பரில் ஒட்டிய சின்ன உறை, நூல், பென்சில்.

துளசிக் கதிரில் பூக்கள் ஒரு வட்டத்துக்கு ஆறாக அடுக்கடுக்காக நிற்கும், அடியிலிருந்து மேலே பூத்துக்கொண்டு போகும். மாலை ஐந்து மணிக்குத் தாய்ச் செடியில் நாளைக் காலை விரியப் போகிற மொட்டைப் பாருங்கள். அடியில் பூவைத் தாங்கும் பச்சைக் கிண்ணத்திலிருந்து (புல்லி வட்டம்) வெளியே நீண்டு, வெளிறிய நிறத்தில், இன்னும் வாய் திறக்காமல் இருக்கும். ஏற்கெனவே விரிந்த பூக்களையும் ரொம்பச் சின்ன மொட்டுகளையும் கிள்ளி எறிந்துவிட்டு, ஐந்தாறு மொட்டை மட்டும் விடுங்கள்.

இப்போது இடுக்கியால் மொட்டின் இதழ்க் குழாயைப் பிடித்து, நேராக, மெதுவாக இழுங்கள். துளசியில் நான்கு மகரந்தத் தாள்களும் இதழ்க் குழாயோடு ஒட்டியிருக்கும். அதனால் குழாய் வரும்போதே நான்கும் சேர்ந்து வந்துவிடும். கிண்ணத்தின் நடுவில் ஒரு முடி மாதிரி சூல்தண்டு மட்டும் நிற்கும், நுனி இரண்டாகப் பிளந்தது. பக்கவாட்டில் இழுத்தால் சூல்தண்டு ஒடிந்துவிடும். என் முதல் இருபது மொட்டில் பதினான்கு ஒடிந்தது. லென்ஸில் பார்த்து, பைகள் எதுவும் உள்ளே தங்கவில்லை என்று உறுதி செய்த பிறகு, உறை போட்டு நூலால் தளர்வாகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் விடியற்காலையிலேயே தேனீ வந்து உங்களுக்கு முன்னால் வேலையை முடித்துவிடும்.

மறுநாள் காலை, தந்தைச் செடியில் புதிதாக விரிந்த பூவைப் பறித்து, அதன் மகரந்தப் பையைத் தாயின் சூல்முடியில் தொட்டுத் தடவுங்கள். மஞ்சள் தூள் ஒட்டியது லென்ஸில் தெரிய வேண்டும். திரும்ப உறை. அடுத்த நாளும் ஒருமுறை தடவினால் நல்லது.

பொழுது சாய்ந்த பிறகும் துவாதசி அன்றும் துளசியில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மாலையில் மொட்டைக் கிள்ளுகிறேன் என்று அம்மா மிகவும் சங்கடப்பட்டார்கள். கடைசியில், மாடத்துத் துளசியைத் தொடுவதில்லை, மொட்டை மாடித் தொட்டிகள் மட்டும் இந்த வேலைக்கு என்று முடிவானது. உங்கள் வீட்டிலும் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

கிண்ணம் பழுப்பாகிக் காய்ந்ததும் பறித்து, வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் விதை உதிரும். ஒரு பூவுக்கு அதிகபட்சம் நான்கு விதைதான். அடையாளச் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். நான் ஒருமுறை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஐப்பசி மழையில் ஒன்பது தொட்டியின் பெயரும் கரைந்து போயிற்று. ஒரு வருஷக் கலப்பு அதோடு போனது. பிளாஸ்டிக் சீட்டில் பென்சில் எழுத்து மழைக்கும் வெயிலுக்கும் நிற்கும்.

படி 7: எத்தனை செடி வளர்க்க வேண்டும்

கலப்பின் முதல் தலைமுறைச் செடிகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அந்தச் செடிகளின் கதிரில் உறை போட்டு, தன் மகரந்தத்திலேயே விதை பிடிக்க விடுங்கள். காலையில் உறையை லேசாகத் தட்டிவிட்டால் கொஞ்சம் நன்றாகப் பிடிக்கும். அந்த விதையில் வரும் இரண்டாம் தலைமுறையில்தான் எல்லாம் பிரிந்து வெளியே வரும்.

நீங்கள் தேடும் குணம் நாலில் ஒரு செடிக்கு வருவது என்றால், 16 செடி வளர்த்தால் ஒன்றாவது கிடைக்க நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாய்ப்பு உண்டு. இரண்டு குணம் சேர்ந்து பதினாறில் ஒன்றுக்கு வருவது என்றால் 72 செடி வேண்டும். துளசியின் குரோமோசோம் கணக்கு பட்டாணி அளவுக்கு நேரானது இல்லை, அதனால் இந்த எண்ணுக்கு மேல் இருபது முப்பது சேர்த்தே விதையுங்கள். நாற்றுத் தட்டில் விதையை மேலாகத் தூவி, சலித்த மண்ணை மெல்லியதாகப் போட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் முளைக்கும். நான்கு ஜோடி இலை வந்ததும் ஒரு இலை கிள்ளி முகர்ந்து, வேண்டாததைக் கழித்துக்கொண்டே வந்தால் மொட்டை மாடி கொள்ளும்.

படி 8: யூஜினாலா, மெத்தில் யூஜினாலா

இந்த இரண்டையும் மூக்கால் பிரிப்பது கஷ்டம். மெத்தில் யூஜினாலும் கிராம்பு ஜாடைதான், கொஞ்சம் மென்மையாக இருக்கும். ஆனால் பிரித்தே ஆக வேண்டும். 2023-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மெத்தில் யூஜினாலை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்க 2ஏ பிரிவில் வைத்தது. கோயில் தீர்த்தத்தில் இரண்டு இலை போட்டுக் குடிப்பவர் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை இது. ஆனால் நாமே தேர்ந்து ஒரு புது வகையை உண்டாக்கும்போது, அந்தப் பொருள் கூடுதலாக இருக்கும் செடியைத் தெரியாமல் தேர்ந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு ஒரு சாட்சி தானாகவே பறந்து வரும். மாந்தோப்பில் பழ ஈப் பொறி வைக்கிறார்களே, அதில் ஆண் ஈக்களை இழுப்பது மெத்தில் யூஜினால்தான். கசக்கிய இலையைத் தாளில் வைத்து, மாங்காய் சீசனில் மாமரத்து நிழலில் வைத்துப் பாருங்கள். சில செடியின் இலைக்கு மட்டும் பழ ஈ வந்து மொய்த்தால், அந்தச் செடியின் மேல் சந்தேகக் குறி போடுங்கள்.

இரண்டாவது சோதனை ஃபெரிக் குளோரைடு. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்பார்கள். யூஜினாலில் ஃபீனால் பகுதி திறந்து கிடக்கிறது, அது இரும்போடு சேர்ந்து நிறம் காட்டும். மெத்தில் யூஜினாலில் அந்த இடத்தைத் தொப்பி மூடியிருக்கிறது, நிறம் வராது. ஆனால் இலைச் சாற்றில் நேராக இதைச் செய்யாதீர்கள். துளசி இலையில் ரோஸ்மாரினிக் அமிலம் போன்ற வேறு ஃபீனால்கள் இருக்கின்றன, எல்லாச் செடிக்கும் பச்சை நிறம் வந்து ஏமாற்றும். ஆவியாகி வந்ததில்தான் செய்ய வேண்டும். அந்த அமிலம் ஆவியோடு வராது.

அகலமான பழைய பாத்திரத்தில் கால் கிலோ இலை, மூழ்கும் அளவு தண்ணீர். நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் கிண்ணம். மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் குழியில் ஐஸ். சின்னத் தீயில் அரை மணி. மூடியில் பட்ட ஆவி குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும். அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, அந்த வாசனைத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் எடுத்து, அதே அளவு ஸ்பிரிட் சேர்த்து, நன்றாக நீர்த்த ஃபெரிக் குளோரைடு இரண்டு சொட்டு விடுங்கள். நீலமோ பச்சையோ கலந்த நிறம் வந்தால் யூஜினால் இருக்கிறது. நிறம் சீக்கிரம் மங்கிவிடும், விட்டவுடனே பாருங்கள். பக்கத்தில் கிராம்பைக் காய்ச்சி இறக்கிய தண்ணீர் ஒன்று, வெறும் தண்ணீர் ஒன்று வைத்து ஒப்பிட்டால்தான் முடிவு நம்பத்தக்கது. ஸ்பிரிட் நெருப்புக்குப் பக்கத்தில் வரக் கூடாது. ஃபெரிக் குளோரைடு கையையும் துணியையும் கறையாக்கும், உலோகத்தை அரிக்கும். கையுறை போட்டு, கண்ணாடிக் குப்பியில் செய்து, அந்தக் குப்பியைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டு போகாதீர்கள்.

படி 9: ஆய்வகத்துக்குக் கொடுப்பது

கடைசியில் நிற்கும் இரண்டு மூன்று செடிக்கு மட்டும் இதைச் செய்யலாம். எண்ணெயைப் பிரித்து, அதில் எந்தப் பொருள் எவ்வளவு என்று காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியில் ஓட்டித் தரும் வசதி பெரிய கல்லூரிகளில் உண்டு. இலையைப் பூக்கும் பருவத்தில், காலையில் பறித்து, நிழலில் வாட்டாமல் அன்றே கொடுங்கள். எண்ணெயாகக் கொடுத்தால் கருப்புக் குப்பியில், காற்று இடம் இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்துக் கொண்டு போங்கள். வடித்துப் பிரிக்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: யூஜினால் தண்ணீரைவிடக் கனமானது. யூஜினால் அதிகம் உள்ள எண்ணெயின் ஒரு பகுதி மேலே மிதக்காமல் அடியில் போய்விடும், தண்ணீரோடு சேர்த்துக் கொட்டிவிடுவார்கள்.

வரும் அறிக்கையில் இருக்கும் சதவீதம், அந்த எண்ணெய்க்குள் எந்தப் பொருள் எத்தனை பங்கு என்று காட்டும் கணக்கு. செடியில் எண்ணெய் எவ்வளவு என்பதை அது சொல்லாது. யூஜினால் பங்கு கூடுதலாக உள்ள செடியில் மொத்த எண்ணெய் குறைவாக இருக்கலாம். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால்தான் எந்தச் செடி உண்மையில் நல்ல செடி என்று தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க, லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் வெளியிட்ட யூஜினால் மிகுந்த சிம்-ஆயு வகையின் செடி ஒன்றையும் உங்கள் தொட்டிகளோடு சேர்த்து வளர்த்தால் நல்ல அளவுகோல் கிடைக்கும்.

படி 10: நிலைப்படுத்துவது

பிடித்த செடி கிடைத்த அன்றே அதிலிருந்து ஐந்து போத்து எடுத்து வேர்விட வையுங்கள். உங்கள் வீட்டுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் மட்டும் போதும் என்றால் வேலை இங்கேயே முடிந்தது. போத்து அதே செடிதான், மணம் மாறாது. கஞ்சா வளர்க்க அனுமதி உள்ள நாடுகளிலும் இப்படித்தான் ஒரு தாய்ச் செடியை வைத்துக்கொண்டு போத்துப் போத்தாகவே பெருக்குகிறார்கள்.

விதையாகக் கொடுக்க வேண்டும் என்றால் இன்னும் நாலு தலைமுறை. ஒவ்வொரு முறையும் உறை போட்டு விதை எடுத்து, இருபது முப்பது செடி வளர்த்து, மணத்தில் சிறந்த மூன்றை மட்டும் விடுங்கள். கலவையாக இருக்கும் மரபணு ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதியாகக் குறையும்: 50, 25, 12.5, 6.25 சதவீதம் என்று. வருஷத்துக்கு இரண்டு என்றால் இரண்டு வருஷ வேலை.

எடுத்த விதையை ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, காகித உறையில் போட்டு, மூடி இறுகிய பாட்டிலில் ஒரு பிடி வறுத்த அரிசியோடு வையுங்கள். ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். உறையின் மேல் தாய், தந்தை, தலைமுறை, தேதி, அப்புறம் அந்த மூன்று மதிப்பெண்: கிராம்பு, மிளகு, தனியா. என் மாடியில் இப்போது நிற்பது நாலாவது தலைமுறை, பத்தொன்பது தொட்டி. கிராம்பு 4, தனியா 3. அதில் ஆறு செடியின் போத்தைத் தண்ணீரில் வைத்திருக்கிறேன். வேர் விட்டதும் முதல் தொட்டி பள்ளிகொண்டா பாட்டியம்மாவுக்கு.